மாதம் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறீர்கள்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 56 வயது, எடை 82 கிலோ, தொப்பை இருக்கிறது. லாரி புக்கிங் அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. மூன்று வெவ்வேறு நாட்களில் பார்த்தும் பி.பி. 158/96-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. மருத்துவர் ஆம்லோடிபின் 5 மி.கி. எழுதிக்கொடுத்து, "உப்பைக் குறைங்க, தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எவ்வளவு, எப்படி என்று சொல்லவில்லை. முருங்கைக்கீரை சூப்பும் பச்சைப் பூண்டும் இந்துப்பும் போதும், மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடமுடியாது என்கிறார் பெரியப்பா. அப்பா முழங்கால் வலிக்கு அவ்வப்போது மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறார், சனிக்கிழமைகளில் குடிக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டாலேயே சமாளிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் உணவு ஆலோசகர். பி.பி., சர்க்கரை உள்ளவர்களோடு உட்கார்ந்து அவர்கள் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் கையில் இருக்கிறது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

158 என்பது தலைவலியோ மயக்கமோ காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடிய அளவு. அந்த நேரமெல்லாம் மூளை, இதயம், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கவாதம் வந்த பிறகு "எந்தத் தொந்தரவும் இல்லையே, அதனால்தான் மாத்திரையை விட்டுட்டேன்" என்று சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. சாப்பாடும் நடையும் நன்றாக ஒத்துழைத்தால் மேல் அளவு பத்து, பதினைந்து இறங்கலாம். 158-இலிருந்து அது மட்டும் போதுமா என்பது சந்தேகம்தான். மாத்திரையோடு சேர்ந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும். எடை குறைந்து, அளவுகள் மாதக்கணக்கில் நன்றாக இருந்து, மருத்துவரே மாத்திரையைக் குறைத்தவர்களும் உண்டு. ஆயுசுக்கும் விடமுடியாது என்ற பயம் முழு உண்மை இல்லை.

பெரியப்பாவின் நம்பிக்கையையும் ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. மூலிகைக்கும் மாத்திரைக்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் பி.பி.யைக் குறைக்கிறது என்று மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் பார்த்து, 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், உலகம் முழுக்க அது பயன்பட்டது. சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்பதும் பிறகு தெரிந்தது. வேலை செய்யும் மூலிகைக்கு அளவும் உண்டு, பக்கவிளைவும் உண்டு. முருங்கைக்கீரை அருமையான உணவு, வாரம் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். பூண்டு கொஞ்சம் உதவலாம். ஆனால் ஆம்லோடிபின் செய்யும் வேலையை இவை செய்யும் என்று நம்பி 158-இல் விட்டுவிட முடியாது.

இந்துப்பு விஷயம் வேறு. அதில் மிகப் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் தரும் தாதுக்கள் மிகச் சொற்பம், பெரும்பாலும் அயோடினும் சேர்ப்பதில்லை. "இது உடம்புக்கு நல்ல உப்பு" என்ற தைரியத்தில் ஒரு சிட்டிகை கூடவே போடும் வீடுகள்தான் அதிகம். கல் உப்பும் அப்படியே. ஒரு ஸ்பூன் கல் உப்பில் இடைவெளி இருப்பதால் தூள் உப்பைவிட எடை குறையும், மற்றபடி வித்தியாசம் இல்லை.

இப்போது உப்புக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு, சட்னி, தயிர்சாதம், ஊறுகாய் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இந்த வரம்பு எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருக்கும், ஆனால் தன் வீட்டில் எவ்வளவு போகிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. "நாங்க உப்பு கம்மியாத்தான் போடுவோம்" என்பார்கள். எல்லா வீட்டிலும் அதேதான் சொல்வார்கள், ஏனென்றால் பழகிய நாக்குக்குத் தன் வீட்டு உப்பு எப்போதும் சரியாகவே இருக்கும்.

அதனால் நான் சொல்லித் தருவது ஒரு எளிய கணக்கு. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதுங்கள். தீரும் நாளையும் எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். மாதம் ஒரு கிலோ தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். மீன் கழுவ, காய்கறி ஊறவைக்க எடுப்பதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக் குழம்பாது. கடையில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், மிக்சர், ஹோட்டல் சாப்பாடு எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதை மறக்க வேண்டாம். எனவே பாக்கெட் 50 நாள் வந்தாலும் வரம்புக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிட முடியாது. 60, 65 நாள் வரும்படி பாருங்கள்.

இணையத்தில் படிக்கும் அறிவுரைகள் பலவும் அமெரிக்கா, இங்கிலாந்து சமையலறையை மனதில் வைத்து எழுதியவை. அங்கே உப்பின் பெரும்பங்கு ரொட்டி, டின் உணவு, பதப்படுத்திய இறைச்சி வழியாக உள்ளே போகிறது. நம் வீட்டில் அம்மா கையால் அடுப்பில் போடும் உப்புதான் முக்கியம். இது நல்ல செய்தி. கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை, உங்கள் வீட்டுக் கரண்டியை மாற்றினால் போதும்.

மாற்றும் முறை முக்கியம். ஒரேயடியாகப் பாதியாக்கினால் இரண்டாம் நாளே அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார். இப்போது போடும் அளவில் கால் பங்கை மட்டும் குறையுங்கள். கண்ணளவை விட்டுவிட்டு ஒரு டீஸ்பூனை உப்பு ஜாடியிலேயே போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகும், அடுத்த கால் பங்கை அப்போது குறைக்கலாம். பழகிய பிறகு வெளியில் சாப்பிட்டால் "என்ன இப்படி உப்பா இருக்கு" என்று அவரே சொல்வார்.

அப்பாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் எடுத்துவைக்கும் பழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். நான் பார்த்தவரை அது ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. செய்பவருக்கும் சலிப்பு, சாப்பிடுபவருக்கு தான் நோயாளி என்ற ஒதுக்கம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பாக இருக்கட்டும். உங்களுக்கும் தம்பிக்கும் அது நல்லதுதான், ஏனென்றால் அப்பாவுக்கு பி.பி. இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.

சமைப்பவருக்குச் சில விஷயங்கள். புளி ஏற ஏற உப்பும் ஏறும், இது எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்தது. வத்தக்குழம்பும் புளிக்காய்ச்சலும் தாங்கும் உப்பை பருப்புச் சாம்பாரோ மோர்க்குழம்போ கேட்பதில்லை. எனவே புளிக்குழம்பைப் பத்து நாளைக்கு ஒருமுறை ஆக்குங்கள், சாம்பாரில் புளியைக் கொஞ்சம் குறைத்து ஒரு தக்காளியைக் கூட்டுங்கள், உப்பும் தானாகக் குறையும். பொரியலுக்கு உப்பை முதலிலேயே போட்டு வேகவைக்காமல் இறக்கும்போது தூவினால் குறைந்த உப்பே நாக்கில் தெரியும். இறக்கியபின் சில துளி எலுமிச்சை, கொஞ்சம் மிளகுத்தூள். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடலாம், குழம்பில் உப்பு இருக்கும்போது சோற்றில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பழைய சோறு சாப்பிடலாமா என்று பலர் கேட்பார்கள். சோற்றில் தப்பில்லை. அதோடு வரும் மோர் மிளகாய், வடு மாங்காய், கருவாடு ஆகியவைதான் தொல்லை. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். ஊறுகாய் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். உப்பு இல்லாமல் அது கெட்டுப்போகும். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். ஆப்பசோடாவும், வயிறு உப்பினால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக்கும் பொடிகளும், தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகளும் அதே வகை. அப்பாவுக்கு வாயுத்தொல்லைக்கு அந்தப் பொடி குடிக்கும் வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிடம் அது சகஜம். பாக்கெட் உணவின் பின்பக்கத்தில் சோடியம் 400 மி.கி. என்றிருந்தால் அது ஒரு கிராம் உப்பு. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஒரு இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், நாளுக்கான அளவில் எவ்வளவு அதிலேயே போகிறது என்று தெரியும்.

உப்பு உள்ளே என்ன செய்கிறது என்று அப்பாவுக்குப் புரியவைத்தால் அவர் ஒத்துழைப்பார். அதிகப்படி சோடியத்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது. அது வெளியேறும்வரை உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, ரத்தக்குழாய்க்குள் ஓடும் அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. வயதாக ஆக, எடை கூடக் கூட, சிறுநீரகம் அதே உப்பை வெளியேற்ற அதிக அழுத்தத்தைக் கேட்கிறது. குழாய்ச் சுவர்களும் காலப்போக்கில் விறைத்துப்போகின்றன. இருபது வயதில் தாங்கிய உப்பு ஐம்பத்தாறில் ஏன் தாங்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

சோடியத்தை எதிர்த்து நிற்பது பொட்டாசியம். அது சிறுநீரகத்தை அதிக சோடியத்தை வெளியேற்ற வைக்கிறது, குழாய்களையும் தளர்த்துகிறது. கீரைகள், பருப்பு, பயறு, வாழைப்பழம், கொய்யா, தக்காளி, இளநீர், சர்க்கரைவள்ளி எல்லாவற்றிலும் தாராளமாக இருக்கிறது. அமெரிக்காவில் 459 பேரை வைத்து நடத்திய டாஷ் ஆய்வு 1997-இல் வெளிவந்தது. காய், பழம், பருப்பு வகை, கொழுப்புக் குறைந்த பால் பொருள் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்த சாப்பாட்டில், ஏற்கெனவே பி.பி. இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 வரை இறங்கியது. அந்த ஆய்வில் உப்பைக் குறைக்கவில்லை, எடையையும் குறைய விடவில்லை. சாப்பாட்டின் சேர்மானம் மட்டுமே அவ்வளவு செய்தது. அதன்பின் 2001-இல் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது பலன் இன்னும் கூடியது.

அந்தச் சாப்பாட்டை நம் தட்டில் கொண்டுவருவது கடினமே இல்லை. சோறு இப்போது இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் கூட்டோ கீரையோ இரண்டு கரண்டி. காலையில் இட்லியோடு சட்னி மட்டும் என்றில்லாமல் வாரம் சில நாள் பச்சைப்பயறு சுண்டல். மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கொய்யா, அல்லது உப்பில்லாமல் வறுத்த நிலக்கடலை ஒரு கை. உப்புப் போடாத நீர்மோர். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பொட்டாசியத்தில் நல்ல பங்கு அந்தத் தண்ணீரில் போய்விடும். பொரியலைக் கூட்டும்போது அதற்கான உப்பையும் சேர்த்துக் கூட்டிவிடாமல் கவனியுங்கள்.

சீனக் கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றையும் சொல்ல வேண்டும். 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேர், பெரும்பாலும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பி.பி. உள்ள முதியவர்கள். பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு, மீதிக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு. சுமார் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கலப்பு உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, இறப்பும் குறைவு. அவர்களும் நம்மைப் போல வீட்டில் சமைத்து உப்புப் போடுகிறவர்கள் என்பதால் இந்த முடிவு நமக்கு நெருக்கமானது. இங்கேயும் குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் கிடைக்கிறது.

ஆனால் இதை வாங்கும் முன் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்குப் போகலாம். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் போடுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆம்லோடிபினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் நாளை மருத்துவர் வேறு மாத்திரை சேர்க்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், சர்க்கரை இவற்றைப் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இளநீரும் கீரையும்கூட அளவோடுதான்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. முழங்கால் வலி மாத்திரை. டைக்ளோபினாக், ஐபுப்ரோபென், அசிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கச் செய்யும். பி.பி. ஏறும், சில பி.பி. மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். அப்பா வாரத்தில் எத்தனை நாள் போடுகிறார் என்று கேளுங்கள், அட்டையைப் புகைப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு இதை நிறுத்தியதுமே பி.பி. இறங்கியதை நான் கண்டிருக்கிறேன். வலிக்கு மாற்று என்ன என்பதை மருத்துவர் சொல்வார். தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும் முழங்காலுக்கே மருந்து. இதே வரிசையில் இன்னொன்று அதிமதுரம். தொண்டைக்கு நல்லது என்று தினமும் மென்றுகொண்டே இருந்தால், அதிலுள்ள கிளைசிரைசின் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பி.பி.யை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படியே. மருந்துக்கடையில் எதை வாங்கினாலும் "எனக்கு பி.பி. இருக்கு" என்று முதலில் சொல்லும் பழக்கத்தை அப்பாவுக்கு ஏற்படுத்துங்கள்.

எடை குறைவதன் பலன் ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு ஒரு புள்ளி. 82-இலிருந்து 77-க்கு ஆறு மாதத்தில் வந்தால் போதும், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம். நடைக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகம். முழங்கால் வலிப்பதால் முதல் வாரம் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை, சமதரையில் நடக்கட்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் முழங்காலுக்கு அது இன்னும் இதமானது.

சனிக்கிழமைக் குடியைப் பற்றி. மது பி.பி.யை ஏற்றுகிறது, குறைத்தால் சில வாரத்தில் இறங்குகிறது. கூடவே வரும் காரக்கடலையும் பொரித்த மீனும் ஊறுகாயும் ஞாயிறு காலை அளவைத் தனியாக ஏற்றும். விட்டுவிடுவதே நல்லது. உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக, தினமும் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எது இருந்தாலும் பக்கவாத அபாயத்தைக் கூட்டும். காபி நாளைக்கு இரண்டு கப் இருக்கட்டும்.

இரவில் பலமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறாரா, பகலில் நாற்காலியிலேயே தூங்கி வழிகிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை இருப்பவர்களுக்கு அதைக் கவனிக்காமல் பி.பி. லேசில் அடங்காது.

வீட்டில் அளக்கும் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும். அளக்கும் முன் அரைமணி நேரம் காபி, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், சட்டைக்கை மேல் கட்டக் கூடாது, பேசவும் கூடாது. கை தொங்கினால் மட்டுமே அளவு பத்து வரை கூடுதலாகக் காட்டலாம். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே வர வேண்டும், அதற்குக் கீழே எவ்வளவு என்பதை மருத்துவர் அப்பாவின் நிலையைப் பார்த்துச் சொல்வார்.

மாத்திரைச் செலவு ஒரு தடையாக இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீங்கினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்று மாத்திரைகள் நிறைய இருக்கின்றன. உப்பும் எடையும் குறைந்த பிறகு எழுந்து நிற்கும்போது தலைசுற்றினாலோ, மேல் அளவு அடிக்கடி 110-க்குக் கீழே போனாலோ, மாத்திரையின் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் அது.

அளவு 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினால், பேச்சுக் குழறினால், நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால் எந்த அளவும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உப்பைக் குறைத்ததன் பலன் நாலு வாரத்தில் எண்ணில் தெரியும். இன்று பாக்கெட்டில் தேதியை எழுதிவிட்டு, நாலு வாரம் கழித்து மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த ஏழு நாள் அளவுகள், ரத்தப் பரிசோதனை முடிவு, வலி மாத்திரை அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். சமைக்கிற அம்மாவையும் கூட்டிப் போங்கள்.